முதல் பைக் வாங்கப் போறீங்களா? ஈஎம்ஐ-யை விடுங்க, மாசச் செலவைப் பாருங்க



நம்ம சேனல்ல எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், பிஎஃப்னு நிறைய பேசிட்டோம். ஃபைனான்ஸ் சேனல்ல பைக் எதுக்குன்னு சிலர் கேட்கலாம். சம்பளம் வாங்க ஆரம்பிச்சதும் நீங்க கையெழுத்துப் போடுற முதல் லோன் எதுன்னு யோசிச்சுப் பாருங்க. நிறைய பேருக்கு அது பைக் லோன்தான். உங்க சிபில் கதை அங்கேதான் தொடங்குது. அதனால இதைவிட ஃபைனான்ஸ் சம்பந்தப்பட்ட விஷயம் வேற இல்லை.

இந்தப் பதிவு பைக் ஓட்டிப் பழக்கமே இல்லாதவங்களுக்கு, இல்லன்னா காலேஜ்ல ஃப்ரெண்டோட வண்டியை நாலு தடவை ஓட்டினவங்களுக்கு. மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் தங்கி, தரமணியோ ஓஎம்ஆரோ கிண்டியோ வேலைக்குப் போற ஒருத்தரை மனசுல வெச்சு எழுதறேன். வேற ஊர்க்காரங்க உங்க ஊர் ரோட்டைப் போட்டுப் படிச்சுக்கோங்க.

முதல்ல ஒரு கேள்வி. வண்டி நிஜமாவே வேணுமா?

கோபப்படாதீங்க. மயிலாப்பூர்ல தங்கி டைடல் பார்க்ல வேலை பார்க்கிறீங்கன்னா, திருமயிலை ஸ்டேஷன்ல பறக்கும் ரயில் ஏறினா மந்தைவெளி, கிரீன்வேஸ் ரோடு, கோட்டூர்புரம், கஸ்தூர்பா நகர், இந்திரா நகர் தாண்டி திருவான்மியூர்ல இறங்கி நடந்தே ஆபீஸ் போயிடலாம். டிக்கெட் ஒரு டீ விலையைவிடக் குறைவு. ரயில் ரூட்ல இல்லாதவங்களுக்கு எம்டிசி-யில 1,000 ரூபாய் மாச பாஸ் இருக்கு. சாதாரண மாநகரப் பஸ்ல எத்தனை தடவை வேணும்னாலும் ஏறி இறங்கலாம். நைட் ஷிஃப்ட், வாரத்துல ரெண்டு மூணு கிளையன்ட் விசிட், ஸ்டேஷனுக்கே ரெண்டு கிலோமீட்டர் நடை, வீட்டுல வயசானவங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்... இப்படி ஏதாவது காரணம் இருந்தா வண்டி வேணும்தான். "எல்லாரும் வெச்சிருக்காங்க" மட்டும்தான் காரணம்னா, இன்னும் ஆறு மாசம் 1,000 ரூபாய் பாஸ்லயே ஓட்டிட்டு, டவுன் பேமென்ட் சேர்த்துட்டு வாங்க. அந்த ஆறு மாசத்தால உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

சரி, வண்டி வேணும்னு முடிவு பண்ணிட்டீங்க. இப்ப கணக்குக்கு வருவோம்.

ரெண்டு வண்டி, ஒரே சம்பளம்

கைக்கு வர்ற சம்பளம் 28,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். கையில சேமிப்பு 50,000. இதை வெச்சு ரெண்டு விதமா வாங்கலாம். விலையெல்லாம் கணக்கு புரியறதுக்காக ரவுண்டா போட்டிருக்கேன்.

முதல் வழி, ஒரு 125 சிசி வண்டி. ஆன்-ரோடு 1,10,000. 50,000 கட்டிட்டு 60,000 லோன், 24 மாசம், ஃபிளாட் வட்டி 10 சதவீதம். ஈஎம்ஐ 3,000.

ரெண்டாவது வழி, எல்லாரும் கனவு காண்கிற 350 சிசி. ஆன்-ரோடு 2,30,000. அதே 50,000 கட்டிட்டு 1,80,000 லோன், 36 மாசம், அதே ஃபிளாட் 10 சதவீதம். ஈஎம்ஐ 6,500.

ஷோரூம்ல இதோட பேச்சு முடிஞ்சிடும். "மாசம் 3,500 ரூபாய்தான் சார் கூட ஆகுது, கெத்தா போகலாம்." ஆனா வண்டி ஈஎம்ஐ-யில ஓடாது, பெட்ரோல்ல ஓடும். ஆபீஸ் போக வர ஒரு நாளைக்கு 20 கிலோமீட்டர், வார இறுதி ஊர் சுத்தல் எல்லாம் சேர்த்து மாசம் 600 கிலோமீட்டர்னு எடுத்துக்கோங்க. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் குடுக்கிற வண்டிக்கு 12 லிட்டர் போதும். சிட்டி டிராஃபிக்ல 30 குடுக்கிற வண்டிக்கு 20 லிட்டர் வேணும். லிட்டர் 100 ரூபாய்னு போட்டா 1,200-க்கும் 2,000-க்கும் உள்ள வித்தியாசம். சர்வீஸ், டயர், செயின், பிரேக் பேடுக்கு மாசாமாசம் ஒதுக்க வேண்டியது 125-க்கு 400, 350-க்கு 900. இன்சூரன்ஸுக்கு 150, 350. பார்க்கிங் ரெண்டுக்கும் 300.

கூட்டிப் பாருங்க. 125 சிசி: மாசம் 5,050. 350 சிசி: மாசம் 10,050. சம்பளத்துல ஒண்ணு 18 சதவீதம், இன்னொண்ணு 36 சதவீதம். அடையாறு பக்கம் பிஜி வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புற பணம் எல்லாம் போக அந்த 36 சதவீதத்துக்கு எங்கே இடம் இருக்கு?

இப்ப இந்த 5,000 ரூபாய் வித்தியாசத்தை மட்டும் தனியா எடுத்துப் போடுங்க. மூணு வருஷத்துக்கு 1,80,000. அதோட, 125 சிசி லோன் ரெண்டு வருஷத்துலயே முடிஞ்சிடுது. மூணாவது வருஷம் அந்த 3,000 ரூபாயையும் சேர்த்தா இன்னும் 36,000. மொத்தம் 2,16,000. வட்டியே சேர்க்கல. அதாவது, சின்ன வண்டியில தொடங்கினவர் மூணு வருஷம் கழிச்சு அந்தப் பெரிய வண்டியோட விலையைக் கிட்டத்தட்ட ரொக்கமா கையில வெச்சிருப்பார். அப்ப அவருக்கு ஓட்டவும் நல்லா தெரிஞ்சிருக்கும். பழைய வண்டியை வித்தா வர்ற காசு தனி.

350 வாங்கவே கூடாதுன்னு நான் சொல்லல. நம்ம ஊர் வண்டி அது. 1955-ல திருவொற்றியூர்ல ஆரம்பிச்ச கம்பெனி, இப்ப ஒரகடம், வல்லம் வடகால் வரைக்கும் ஃபேக்டரி வெச்சிருக்கு. ஆசை வரத்தான் செய்யும். போதாக்குறைக்கு 2025 செப்டம்பர் 22-ல இருந்து 350 சிசி வரைக்குமான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 சதவீதமா குறைஞ்சிருக்கு. ஆனா 125-க்கும் அதே அளவு குறைஞ்சிருக்குங்கிறதை மறந்துடாதீங்க. ரெண்டுக்கும் நடுவுல உள்ள விலை விகிதம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கு.

"ஃபிளாட் 10 பர்சன்ட்"

மேல உள்ள கணக்குல நான் வேணும்னே ஃபிளாட் வட்டி போட்டேன். ஷோரூம் மேஜையில அதைத்தான் சொல்வாங்க. இதை ஒரு தடவை புரிஞ்சுக்கிட்டா வாழ்க்கை முழுக்க உதவும்.

ஃபிளாட்னா, நீங்க மாசாமாசம் அசலைக் கட்டிக் குறைச்சாலும், வட்டி மட்டும் முதல் நாள் வாங்கின முழுத் தொகைக்கே போடுவாங்க. 1,80,000-க்கு 10 சதவீதம், வருஷம் 18,000, மூணு வருஷம் 54,000. மாசம் 6,500. இதையே மீதி அசலுக்கு மட்டும் வட்டி போடுற முறையில 10 சதவீதத்துக்குக் குடுத்தா ஈஎம்ஐ சுமார் 5,808, மொத்த வட்டி 29,000 சொச்சம். ஒரே "10 பர்சன்ட்", ஆனா 25,000 ரூபாய் வித்தியாசம். ஃபிளாட் 10-ஐ மீதி அசல் முறையில மாத்திப் பார்த்தா அது கிட்டத்தட்ட 18 சதவீத வட்டி.

இதைப் பிடிக்க உங்களுக்கு எக்செல் தெரிய வேண்டியதில்லை. 2024 அக்டோபர் 1-ல இருந்து பேங்க்கா இருந்தாலும், ஃபைனான்ஸ் கம்பெனியா இருந்தாலும், தனிநபருக்குக் குடுக்கிற ரீட்டெயில் லோனுக்குக் கையெழுத்துக்கு முன்னாடி "கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்"னு ஒரு தாள் குடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு. அதுல ஏபிஆர்னு ஒரு எண் இருக்கும். ப்ராசஸிங் ஃபீஸ் உட்பட எல்லாத்தையும் சேர்த்து வருஷத்துக்கு உண்மையில எத்தனை சதவீதம் ஆகுதுன்னு சொல்ற எண் அது. உங்களுக்குப் புரியற மொழியில கேட்கலாம், தமிழ்லயே கேட்கலாம். இன்னொரு முக்கியமான விஷயம், அந்தத் தாளுக்குக் குறைஞ்சது மூணு வேலை நாள் செல்லுபடி உண்டு. "இன்னைக்கே கையெழுத்துப் போட்டாத்தான் இந்த ரேட்"னு சொன்னா, தாளை வாங்கிட்டு, "நாளைக்கு வர்றேன்ணா"ன்னு சிரிச்சிட்டு வெளிய வந்துடுங்க. நேரா உங்க சம்பள அக்கவுன்ட் இருக்கிற பேங்குக்குப் போய் அவங்க ஏபிஆர் என்னன்னு கேளுங்க. ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா போதும்.

முன்கூட்டியே அடைச்சா என்ன சார்ஜ்னும் அந்தத் தாள்லயே இருக்கும். தீபாவளி போனஸ் வந்ததும் லோனை முடிக்கிற ஐடியா இருந்தா அதைப் பார்க்காம விடாதீங்க.

ஆன்-ரோடு விலையில ஒளிஞ்சிருக்கிற படிக்கட்டு

தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து புது டூவீலருக்கு ஆயுள் வரி, வண்டி விலை 1 லட்சம் வரைக்கும் 10 சதவீதம், அதுக்கு மேல போனா 12 சதவீதம். கூடுதலா இருக்கிற தொகைக்கு மட்டும் 12 இல்லை, முழு விலைக்கும். 98,000 ரூபாய் வண்டிக்கு வரி 9,800. 1,05,000 ரூபாய் வண்டிக்கு 12,600. வண்டி விலையில வித்தியாசம் 7,000, நீங்க குடுக்கிற வித்தியாசம் 9,800. ஒரே மாடல்ல டிரம், டிஸ்க், புளூடூத் டிஸ்ப்ளேன்னு வேரியன்ட் பார்க்கும்போது இந்தப் படிக்கட்டு எங்கே வருதுன்னு ஒரு கண் வெச்சுக்கோங்க.

தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ்லயும் இதே மாதிரி படிக்கட்டு. 2018 செப்டம்பர்ல இருந்து புது டூவீலருக்கு அஞ்சு வருஷத்துக்கும் சேர்த்தே தேர்டு பார்ட்டி எடுக்கணும். 2022 ஜூன் 1-ல அமலான கட்டணப்படி 75-க்கு மேல 150 சிசி வரைக்கும் 3,851 ரூபாய், 150-க்கு மேல 350 வரைக்கும் 7,365 ரூபாய், 350-ஐத் தாண்டினா 15,117. ஜிஎஸ்டி தனி. 160 சிசி வண்டியும் 350 சிசி வண்டியும் ஒரே படியில நிக்குதுங்கிறதைக் கவனிங்க.

ஹேண்ட்லிங் சார்ஜ், டெஃப்லான் கோட்டிங், எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்ஸ்னு வர்ற ஒவ்வொரு வரிக்கும் "இது கட்டாயமா? ரசீது வருமா?"ன்னு கேளுங்க. ஷோரூம் சொல்ற இன்சூரன்ஸ் கம்பெனியிலதான் எடுக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை. புது வண்டியோட ஹெல்மெட் குடுக்கணும்னு மத்திய மோட்டார் வாகன விதியிலேயே இருக்கு, அதையும் வாயைத் திறந்து கேளுங்க.

எந்த வண்டி?

ரிவ்யூ வீடியோக்கள்ல பவர், டார்க், டாப் ஸ்பீடு எல்லாம் சொல்வாங்க. புதுசா ஓட்டறவங்க பார்க்க வேண்டிய ரெண்டு எண்ணைக் கடைசியில வேகமா சொல்லிட்டுப் போயிடுவாங்க. ஒண்ணு எடை, இன்னொண்ணு சீட் உயரம்.

ஸ்பிளெண்டர் பிளஸ் சுமார் 112 கிலோ, சீட் 785 மில்லிமீட்டர். ஷைன் 125-ம் கிட்டத்தட்ட அதே எடை, சீட் 791. ரைடர் 125, 123 கிலோ, சீட் 780. ஹன்டர் 350, 181 கிலோ. கிளாசிக் 350, 195 கிலோ, சீட் 805. ஆர்15-க்கு எடை 140-ஐ ஒட்டித்தான், ஆனா சீட் 815, உட்கார்ற விதமே முன்னாடி குனிஞ்சு. எடை வருஷத்துக்கும் வேரியன்ட்டுக்கும் ரெண்டு மூணு கிலோ மாறலாம், பெருசா ஒண்ணும் மாறாது.

112 கிலோவுக்கும் 195 கிலோவுக்கும் நடுவுல 83 கிலோ. ஒரு முழு ஆளோட எடை. ஓடும்போது அது தெரியாது. நிக்கும்போதுதான் தெரியும். நம்ம ஏரியாவுல வண்டி ஓடற நேரத்தைவிட நிக்கிற நேரம்தான் அதிகம்! மெட்ரோ ரெண்டாம் கட்ட வேலை லஸ், மந்தைவெளி, அடையாறு, பனகல் பார்க்னு நம்ம தினசரி ரூட்டையெல்லாம் தொட்டுட்டுப் போகுது. தகர பேரிகேடுக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல ஒண்ணரை ஆள் அகலத்துல, முதல் கியர்ல பாதி கிளட்ச் பிடிச்சு, ரெண்டடி நகர்ந்து காலை ஊன்றி, மறுபடி ரெண்டடி. அந்த இடத்துல 350 சிசி-யோட பவர் உங்களுக்கு எதுக்கும் உதவாது. ரெண்டு பாதமும் தரையில நல்லா பதியுதாங்கிறதுதான் உதவும். மழை பெஞ்சு ரோட்டுல போட்டிருக்கிற இரும்புத் தகடு நனைஞ்சிருந்தா இன்னும் மோசம்.

இதுக்கு ஷோரூம்லயே செய்யக்கூடிய சின்ன டெஸ்ட் இருக்கு. டெஸ்ட் ரைடுக்கு முன்னாடி, இன்ஜினை ஆன் பண்ணாம, வண்டியைச் சைடு ஸ்டாண்டுல இருந்து நிமிர்த்தி, பத்து அடி பின்னாடி தள்ளி, ஒரு யூ டர்ன் போட்டு, சென்டர் ஸ்டாண்டு இருந்தா அதுல ஏத்துங்க. மூச்சு வாங்குதா? மயிலாப்பூர் மாட வீதிப் பக்கத்துச் சந்துல, பத்து வண்டி நெருக்கி நிக்கிற அபார்ட்மென்ட் பார்க்கிங்ல, இதைத்தான் தினமும் காலையில நீங்க செய்யப் போறீங்க. சேல்ஸ் பையன் சிரிச்சா சிரிச்சிட்டுப் போகட்டும்.

அடுத்தது, வண்டி சாயும். புதுசா ஓட்டறவங்க யாராயிருந்தாலும் முதல் சில மாசத்துல ஒரு தடவையாவது நின்ன இடத்துலயோ, மணல்ல திரும்பும்போதோ வண்டியைச் சாய்ப்பாங்க. பெசன்ட் நகர், சாந்தோம் பக்கம் ரோட்டு ஓரத்துல மணல் எப்பவும் கிடக்கும். சாதாரண கம்யூட்டர் வண்டி சாஞ்சா கிளட்ச் லீவர், இண்டிகேட்டர், கண்ணாடி, அவ்வளவுதான். பக்கத்துத் தெரு மெக்கானிக்கே மாத்திடுவார். ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டுக்குப் போனா பார்ட்ஸ் சல்லிசா கிடைக்கும். அதே, முழு ஃபேரிங் போட்ட ஸ்போர்ட்ஸ் வண்டி சாஞ்சா ஃபேரிங் கீறும், இல்லன்னா உடையும். ஒரு பக்க பேனலுக்கே ஆயிரக்கணக்குல பில் வரும். சாதாரண பாலிசியில பிளாஸ்டிக், ரப்பர் பார்ட்ஸுக்குப் பாதிதான் குடுப்பாங்க, மீதிப் பாதி உங்க கையில இருந்து போகும். ஜீரோ டெப் எடுத்திருந்தா அந்தக் கழிவு இல்லை. முதல் வருஷத்துக்கு மட்டுமாவது ஜீரோ டெப் எடுத்துடுங்க.

125 வரைக்கும் போதும்னு சொல்ற இந்தக் கணக்குல ஒரு நிஜமான குறை இருக்கு. 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசி-க்கு மேல உள்ள புது வண்டிக்கெல்லாம் ஏபிஎஸ் கட்டாயம். 125 வரைக்கும் சிபிஎஸ் இருந்தா போதும்னு விட்டுட்டாங்க. சிபிஎஸ்னா ஒரு பிரேக்கைப் பிடிச்சா இன்னொண்ணும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும், அவ்வளவுதான். நனைஞ்ச ரோட்டுல பயத்துல பிரேக்கை ஒரேயடியா அழுத்தினா சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கிறது ஏபிஎஸ்தான். பயத்துல அழுத்துறது யாரு? புதுசா ஓட்டறவங்கதான். அதனால டவுன் பேமென்ட் நல்லா சேர்த்து வெச்சிருக்கீங்க, மாசச் செலவு சம்பளத்துல 20 சதவீதத்தைத் தாண்டலன்னா, ஏபிஎஸ் உள்ள 150-160 சிசி, ஃபேரிங் இல்லாத வண்டிக்குப் போங்க. என்னைக் கேட்டா, புளூடூத் டிஸ்ப்ளேக்குக் கூட 8,000 குடுக்கிறதைவிட ஏபிஎஸ்ஸுக்குக் கூட 15,000 குடுக்கிறது நல்ல செலவு.

ஸ்கூட்டர் வேணாமான்னு கேட்கிறவங்களுக்கு: தாராளமா வாங்கலாம். கிளட்ச், கியர் ரெண்டும் இல்லாததால டிராஃபிக்ல பாதித் தலைவலி குறையும். மேல சொன்ன கணக்கு எல்லாம் அதுக்கும் பொருந்தும்.

லைசென்ஸ் முதல்ல, அட்வான்ஸ் அப்புறம்

எல்எல்ஆர் போட்டு 30 நாள் கழிச்சுத்தான் டெஸ்ட்டுக்குப் போக முடியும். எல்எல்ஆர் ஆறு மாசம் செல்லும். கியர் வண்டி ஓட்டப் போறீங்கன்னா கியர் வண்டிக்கே அப்ளை பண்ணுங்க, ஸ்கூட்டர் லைசென்ஸ் வெச்சு பைக் ஓட்டக் கூடாது. மந்தைவெளியோ திருவான்மியூரோ, உங்க அட்ரஸ் எந்த ஆர்டிஓ கீழ வருதோ அங்கே போய் 8 போட்டுக் காட்டணும். லைசென்ஸ் இல்லாம மாட்டினா அபராதம் 5,000, இன்சூரன்ஸ் இல்லைன்னா முதல் தடவை 2,000. ஹெல்மெட் இல்லைன்னா 1,000. 2022 மே 23-ல இருந்து சென்னையில பின்னாடி உட்கார்றவங்களுக்கும் ஹெல்மெட் இல்லைன்னா பிடிக்கிறாங்க. அதனால பட்ஜெட்ல ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ரெண்டு ஹெல்மெட் போடுங்க.

அபராதம் சின்ன விஷயம். சட்டப்படி வண்டி ஓனருக்கு 15 லட்ச ரூபாய் பர்சனல் ஆக்ஸிடென்ட் கவர் கட்டாயம். ஆனா அந்தப் பணம் வீட்டுக்குக் கிடைக்கணும்னா ஓட்டினவர்கிட்ட செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்திருக்கணும். அட்வான்ஸ் கட்டிட்டோம், வண்டி வந்துடுச்சு, லைசென்ஸ் அடுத்த மாசம் எடுத்துக்கலாம்னு ஓட்டறவங்க உங்க ஃப்ரெண்ட்ஸ்ல இருந்தா இதை அவங்களுக்கு அனுப்புங்க.

பின்னாடி உட்கார்றவங்களைப் பத்தியும் கொஞ்சம் யோசிங்க

இது நிறைய பேருக்குத் தெரியாத இடம். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருக்கிற பைக்ல பின்னாடி உட்கார்ந்து வர்றவர் "தேர்டு பார்ட்டி" இல்லை. 2006-லயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு: சட்டம் கட்டாயமாக்கிய அந்தக் குறைந்தபட்ச பாலிசி அவரைக் கவர் பண்ணாது. அவருக்கு அடிபட்டா நஷ்ட ஈடு உங்க தலையில வரும். முழு பேக்கேஜ் பாலிசியில பின்னாடி இருக்கிறவரும் கவர் ஆவார்னு 2009-ல ஐஆர்டிஏ தெளிவுபடுத்தியிருக்கு. தங்கச்சியைக் காலேஜ்ல விடறதுக்கோ, ஆபீஸ் ஃப்ரெண்டுக்கு லிஃப்ட் குடுக்கறதுக்கோ முன்னாடி உங்க பாலிசி எந்த ரகம்னு எடுத்துப் பாருங்க. பழைய வண்டி வாங்கி, காசை மிச்சம் பண்ண தேர்டு பார்ட்டி மட்டும் போட்டு ஓட்டறவங்க முக்கியமா பாருங்க. பின்னாடி உட்கார்றவருக்குத் தனியா ஆக்ஸிடென்ட் கவர் சேர்க்கவும் வழி இருக்கு, பிரீமியமும் பெருசா வராது.

அப்புறம் வெள்ளம். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் ரெண்டையும் பார்த்த ஊர் இது. துரைசாமி சப்வேயும் அரங்கநாதன் சப்வேயும் ஒரு நல்ல மழைக்கே நிரம்பிடும். வெள்ளத்துல வண்டி கெட்டா தேர்டு பார்ட்டி பாலிசி ஒரு ரூபாய் தராது, ஓன் டேமேஜ் இருந்தாத்தான் கிளெய்ம். அதுலயும் ஒரு நுணுக்கம்: முங்கின வண்டியை நீங்க ஸ்டார்ட் பண்ணிப் பார்த்து, தண்ணி உள்ள போய் இன்ஜின் அடிவாங்கினா, "அது வெள்ளத்தால வந்தது இல்லை, நீங்க ஸ்டார்ட் பண்ணதால வந்தது"ன்னு கிளெய்மை மறுக்க இடம் இருக்கு. தண்ணி வடிஞ்சதும் கிக்கரைத் தொடாதீங்க. போட்டோ எடுங்க, இன்சூரன்ஸுக்குப் போன் பண்ணுங்க, வண்டியைத் தள்ளிட்டோ ஏத்திட்டோ ஷெட்டுக்குக் கொண்டு போங்க. தரைத் தளத்துல பார்க்கிங் இருக்கிறவங்க இன்ஜின் ப்ரொடெக்ட் கவரும் சேர்த்து எடுக்கலாம்.

பழைய வண்டி வாங்கலாமா?

கத்துக்கிறதுக்கு இதைவிட நல்ல வழி இல்லைன்னுதான் நான் சொல்வேன். இன்சூரன்ஸ் கணக்குப்படியே புது வண்டியோட மதிப்பு ஒரு வருஷத்துக்குள்ள 15 சதவீதம், மூணாவது வருஷத்துல 30 சதவீதம் குறைஞ்சிடும். அந்தக் குறைவை இன்னொருத்தர் சுமந்துட்டார். 45,000, 50,000-க்கு ஒரு நல்ல கம்யூட்டர் வண்டி கிடைச்சா மேல போட்ட கணக்குல லோனே இல்லை. கீறல் விழுந்தாலும் மனசு வலிக்காது. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் பதிவான பிஎஸ்-6 வண்டியா பாருங்க.

ஆனா பேப்பர்ல அசராதீங்க. பரிவாகன் சைட்ல வண்டி நம்பரைப் போட்டா யார் பேர்ல இருக்கு, லோன் பாக்கி இருக்கா, சலான் எவ்வளவு நிக்குதுன்னு பார்க்கலாம். ஆர்சி-யில ஃபைனான்ஸ் கம்பெனி பேர் இருந்தா, அவங்ககிட்ட என்ஓசி-யும் ஃபார்ம் 35-ம் வாங்கித் தந்தாத்தான் பணம். ஃபார்ம் 29, 30-ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, வாங்கின 30 நாளுக்குள்ள பேர் மாத்தணும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்தச் சொல்லி எழுதிக் குடுங்க. அதுவரைக்கும் ஓன் டேமேஜ் கிளெய்ம் உங்களுக்குக் கிடைக்காது. விக்கிறவர் "ஓப்பன் ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுத் தர்றேன், நீங்க எப்ப வேணா மாத்திக்கோங்க"ன்னு சொன்னா, வண்டி எவ்வளவு சல்லிசா இருந்தாலும் வேணாம்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது காலையில போங்க, இன்ஜின் சூடாகறதுக்கு முன்னாடி. முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருந்தா ஏன்னு கேளுங்க. கடலோர ஏரியா வண்டின்னா சைலன்சர் அடிப்பக்கம், ஸ்டாண்டு, சீட்டுக்குக் கீழ ஃப்ரேம் எல்லாம் துரு பிடிச்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, உப்புக் காத்து விடாது. ஹேண்டில்பாரை நேரா பிடிச்சு மெதுவா ஓட்டினா ஒரு பக்கம் இழுக்குதான்னு பாருங்க. இழுத்தா ஃபோர்க் வளைஞ்சிருக்கலாம். இதெல்லாம் தெரியலன்னா உங்க தெரு மெக்கானிக்குக்கு 500 ரூபாய் குடுத்துக் கூட்டிட்டுப் போங்க. அந்தண்ணன் அஞ்சு நிமிஷத்துல சொல்லிடுவார்.

மேல போட்ட மாசச் செலவுக் கணக்கை உங்க சம்பளம், உங்க தூரம் போட்டு நீங்களே செஞ்சு பார்த்துட்டு, என்ன சதவீதம் வந்துச்சுன்னு எழுதுங்க. 20-ஐத் தாண்டிட்டா எந்த வண்டி, எவ்வளவு லோன்னும் சேர்த்து எழுதுங்க. எங்கே குறைக்கலாம்னு அடுத்த வீடியோவுல சேர்ந்து பார்ப்போம்.